மாமாவின் கைக்கு ஒரு வாட்ச்

தென்காசி,
1936, ஆடி 12.

கொழும்பிலிருக்கும் மச்சினன் சிரஞ்சீவி நம்பிராஜனுக்கு அத்தான் தாணு ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

உன் அக்காள் பாலம்மாளும் குழந்தைகளும் சௌக்கியம். சாரல் இந்த வருஷம் வஞ்சகமில்லாமல் பெய்கிறது. உன் சௌக்கியத்துக்கும் ஜெபமலரின் சௌக்கியத்துக்கும் எழுது. அந்தப் பெண்ணின் பெயரை இந்த வீட்டில் உரக்கச் சொல்ல முடியாதென்றாலும், கடிதத்தில் எழுத எனக்கு யாருடைய உத்தரவும் வேண்டாம்.

உன் கடிதம் கிடைத்தது. ஆவணியில் உன் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அதற்கு நீ ஒரு வாட்ச் அனுப்புவாய்; நான் வாங்கியதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். உண்மை தெரிந்து அவர் தூக்கி எறிந்தாலும் நஷ்டமில்லாமல் விற்கிற மாதிரி ஒன்றை நான் பார்த்துச் சொல்ல வேண்டும். படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தைரியமாகக் கப்பல் ஏறியவனுக்கு, பெற்ற அப்பனிடம் ஒரு வாட்ச் கொடுக்க இன்னொருவன் பெயர் வேண்டியிருக்கிறது!

ஆனாலும் வாட்ச் என்று உனக்குத் தோன்றியதே, அதற்கு உன்னை மெச்ச வேண்டும். மாமா ஆயுசில் பாதியை ரயில் கார்டாகக் கழித்தவர். ரிடையரான அன்று கம்பெனி வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். இன்றைக்கும் கொல்லம் வண்டி ஊதினால் கை தானாக மார்புக்குப் போகிறது. அங்கே பையுமில்லை, வாட்சுமில்லை என்று தெரிந்ததும் துண்டைச் சரிசெய்கிறவர் போலப் பாவனை பண்ணுவார்.

போன வாரம் அவரைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனேன். சீசனுக்கு வருகிற ஜமீன்தார்களிடமும் செட்டிமார்களிடமும் வாட்ச் வாங்கி விற்கிற அப்துல் ஜப்பார் அங்கே ஒரு லாட்ஜில் அறை எடுத்திருக்கிறார். எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துத் தலை துவட்டியதும், சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்று உள்ளே கூட்டிப் போனேன்.

முதலில் எடுத்தது தங்க லாங்கின்ஸ், மூடி போட்ட பை வாட்ச். விலை முந்நூறு. மூடி திறக்கிற சத்தமே கேட்க அத்தனை சுகம். விற்றால் என்ன போகும் என்று கேட்டேன். "ஓடாமப் போனாலும் தங்கம் தங்கந்தான், உருக்கிக் காசாக்கிரலாம்" என்றார் ஜப்பார். மாமாவோ, "கோட்டு போடுதவனுக்கு இது சரி. நான் எங்கன வைக்கது, அரணாக்கயித்துலயா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்தது வெஸ்ட் எண்ட் கைவாட்ச். நாற்பதுக்குள் முடியும். பட்டாளத்துக்காரன் முதல் கணக்குப்பிள்ளை வரை கேட்டு வாங்குகிறார்களாம். விற்க நினைத்தால் அன்றைக்கே போய்விடும். பழுது பார்க்கத் தென்காசியிலேயே ஆள் உண்டு. மாமா காதில் வைத்துக் கேட்டு, "நல்ல உழைப்பாளி" என்றார். மருமகனான என்னைக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை.

மூன்றாவதாக ரோலெக்ஸ். எஃகு உடம்பு, விலை நூற்றிருபது. ஜப்பார் அதற்குச் சாவி கொடுத்து, பக்கத்துக் குமிழை மறையாணி போல இறுக்கி, அருவித் தண்ணீர் நிறைந்த செம்புக்குள் போட்டாரே பார்க்கலாம்! எட்டிப் பார்த்தால் உள்ளே விநாடி முள் அது பாட்டுக்கு ஓடுகிறது. இருட்டில் எண்கள் மினுங்கும் என்றதும் மாமா துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே பார்த்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. "ராத்திரி வண்டியில இது இருந்திருந்தா லாந்தரைத் தூக்கித் தூக்கிப் பாத்திருக்க வேண்டாமே" என்று துண்டுக்குள்ளிருந்தே சொன்னார். என்ன வேலைப்பாடு நம்பி! செய்தவன் கைக்கு மோதிரம் போடலாம். ஆனால் நம் பக்கத்தில் அந்தப் பெயரை அறிந்தவர் குறைவு. விற்கப் போனால் சீசன் பணக்காரன் எவனாவது அகப்பட்டால்தான் உண்டு. ஜப்பாரே இதை ஒளிக்காமல் சொன்னார்.

சரி, உனக்கு லாங்கின்ஸ்தான் என்று நான் மனதுக்குள் முடிவு செய்தபோது மாமா என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, வாங்கதுக்கு முன்னாலயே விக்கதைப் பத்திக் கேக்கிய. இது உங்க காசு இல்லை, அப்படித்தானே?" என்றார். நீ வாங்கித் தருவது என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவர் ரோலெக்சைத் துடைத்துக் குப்புறத் திருப்பி, அதன் முதுகைப் பெருவிரலால் தடவினார். "இது வெறுமனே கெடக்கே, பேரு வெட்டலாமா?" என்று ஜப்பாரிடம் கேட்டார். நம் வழக்கம் உனக்குத் தெரியும். விசேஷத்துக்குக் கொடுப்பது செம்பானாலும் தாம்பாளமானாலும் கொடுத்தவர் பெயரை வெட்டித்தான் சபையில் வைப்போம். ஜப்பார் பதறிப்போய், "பேரு வெட்டிட்டா பொறவு பாதி விலைக்குக்கூட ஒருத்தன் வாங்க மாட்டான் அண்ணாச்சி" என்றார்.

"விக்கதுக்கா வாங்கித் தாரான் எம் பையன்?" என்றார் மாமா.

இரண்டு வருஷமாக அந்த வாயிலிருந்து வராத வார்த்தை. வாசலில் செருப்பைப் போடும்போது என் முகத்தைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னார். "ஒத்தைப் பேரா வெட்டினா சபையில நல்லாருக்காது. அந்தப் புள்ள பேரு ஜெபமலர்தானே? அதையும் சேத்து வெட்டச் சொல்லுங்க."

ஆகவே, விலையும் லாபமும் பார்த்தது போதும். அங்கே கொழும்பில் ரோலெக்சையே வாங்கு. பின்பக்கம் இருவர் பெயரையும் ஆழமாக வெட்டச் சொல். தபாலில் மட்டும் அனுப்பிவிடாதே. வாருக்குக் கையில் கட்டிப் பார்த்துத்தான் ஓட்டை போட வேண்டும் என்று வீடு வந்து சேருமட்டும் மாமா சொல்லிக்கொண்டே வந்தார். அதற்குக் கட்டிவிட ஆள் வேண்டுமல்லவா? ஆவணிக்கு முன் தனுஷ்கோடிக் கப்பலைப் பிடியுங்கள். சபையில் அவர் கையை நீட்டும்போது வாரை நீ பிடித்துக்கொள், கொக்கியை ஜெபமலர் மாட்டட்டும். குற்றாலநாதர் உங்கள் இருவரையும் ஒரு குறையுமில்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவைப் பார்த்திருக்கும் அத்தான்,
தாணு.