விளக்குக்காரியும் கோட்டை மான்களும்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.

அன்பு மகன் சிவரூபனுக்கு,

கோணேசர் காவலில் நீயும் கௌசிகாவும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்கவேண்டும் என்று அம்மா எழுதுவது. நானும் சுகம், ஆனால் முழுச் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன், வரிசையாக வாசி, கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டும் உன் பழக்கம் எனக்குத் தெரியும். போனில் சொன்னால் இடையில் புகுந்து என்னைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவாய் என்றுதான் பேனையை எடுத்தேன். கந்தளாயிலிருந்து உன் தங்கச்சி நிவேதிகா வந்து நிற்கிறாள், குசினியும் சமையலும் இப்போது அவள் கையில், நான் கதிரையில் மகாராணி.

நீ சனிக்கிழமைகளில் போனில் எனக்குத் தமிழாக்கி வாசித்துக் காட்டிய அந்த இங்கிலிஷ் மாயக் கதைப் புத்தகங்களை டிவி நாடகமாக எடுத்திருக்கிறார்கள் அல்லவா, “பாக்காதேங்கோ அம்மா, பழுதாக்கிப்போட்டாங்கள்” என்று நீ தடுத்தாய் அல்லவா, நான் பார்த்துவிட்டேன். என்னோடு படிப்பித்த ஷிஃபானா டீச்சர் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில், தமிழ்க் குரல் போட்டதைப் பார்த்தோம். நியாயமாகச் சொன்னால் பழுது என்று தள்ள முடியாது. கடலை நன்றாக எடுத்திருக்கிறார்கள், வாடைக்காற்று தொடங்குமுன் எங்கள் கடல் கறுக்குமே, அப்படியே. ஆனால் மனையியல் படிப்பித்தவள் கண்ணுக்கு ஒரு குறை, மாதக்கணக்கில் படை நடக்கிறது, ஒருவரும் அடுப்பில் ஒரு பானை வைக்கவில்லை. உன் கதையில் என்றால் போகிற இடமெல்லாம் சொதி கொதிக்கும். பிறகு நான் மான்களைத் தேடினேன். நீ வாசித்த கோட்டையில் மான்கள் வாசலில் படுத்து ராசாவின் குதிரைக்கே வழி விடாமல் கிடந்தன. டிவிக் கோட்டையில் பனியும் ஓநாயும்தான். நாகம் உறங்கும் வெந்நீர்க் கிணறும் இல்லை. ஷிஃபானா அந்தப் புத்தகங்கள் முழுவதையும் வாசித்தவள், அவளிடம் கேட்டேன். “புத்தகத்தில எங்க டீச்சர் மான்? அது உங்கட மகன்ட வேலை” என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு, பெருமையும்தான். உன் கோட்டை மான்கள் திரியும் எங்கள் பிறட்றிக் கோட்டை, உன் கிணறு எங்கள் கன்னியா வெந்நீர்க் கிணறு. டிவிக்காரருக்கு முன்னமே நீ ஒரு நாடகம் எடுத்து முடித்துவிட்டாய்.

அந்தச் சிரிப்பு நாலாம் பகுதியோடு நின்றது. துறைமுக வாசலில் தனியாக விளக்கெரிக்கும் கிழவி, எண்ணெய் தீர்ந்ததும் கதவு, கட்டில், கடைசியில் தன் வீட்டையே கொளுத்திக் கப்பல்களுக்கு வழி காட்டி, அந்த நெருப்பிலேயே போய்விட்டாள். நீ வாசித்தபோது எங்கள் பக்கத்துச் சாம்பல்தீவு ஆட்கள் தோணியில் எண்ணெய் கொண்டுவந்தார்கள், அவள் தப்பினாள், அதற்குப் பிறகும் இரண்டு புத்தகம் ராசகுமாரனுக்குப் புத்தி சொல்லிக்கொண்டும், கால் கழுவாமல் வந்தவர்களை ஏசிக்கொண்டும் இருந்தாள். “இல்ல டீச்சர், ரெண்டாம் புத்தகத்திலயே அவ மௌத்தாகிட்டா” என்றாள் ஷிஃபானா. கடைசிப் புத்தகம் அவளுடைய நினைவுநாளில்தான் தொடங்குகிறதாம். வீட்டுக்கு வந்து யோசித்தேன். எண்ணெய்த் தோணியை நீ வாசித்தது, மார்பில் கட்டி எடுத்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம். தைப்பொங்கலுக்குப் பிறகு “வேலை கூட அம்மா” என்று நீ வாசிப்பை நிறுத்தியதும் ஏன் என்று விளங்கியது. உயிரோடு வைத்திருந்தவளுக்கு எப்படி நினைவுநாள் வாசிப்பாய், பாவம் பிள்ளை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. அந்த இடத்தில் டிவிக்காரர்தான் சரி. அவள் சாவை அவசரப்படாமல் எடுத்திருக்கிறார்கள், நான் விம்மி அழுதேன், அழுத பிறகுதான் அந்த விளக்கு எவ்வளவு பெரிய விளக்கு என்று தெரிந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

இனி நான் மறைத்தது. பழைய இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி ஒரு கட்டி. வரும் மாதம் வெட்டி எடுக்கப் போகிறார்கள். சின்னதுதான், நேரத்தோடு கண்டது நல்லது என்கிறார் டொக்டர், மற்றதெல்லாம் வெட்டிய பிறகுதான் சொல்லலாமாம். பயமில்லை என்று எழுதினால் அது பொய். அம்மாவுக்கு வெறும் காய்ச்சல் என்று உன்னிடம் சொல்லும்படி நிவேதிகாவைப் பழக்கி வைத்திருந்தேன். தாயைப் போல பிள்ளை என்பது சும்மாவா, நீ எண்ணெய்த் தோணி அனுப்பினாய், நான் காய்ச்சலை அனுப்பப் பார்த்தேன். இரண்டு பேரும் இத்தோடு விடுவோம். ஓடி வராதே என்று சொல்லமாட்டேன், லீவு கிடைத்தால் வா, எனக்கு ஆசைதான். அதற்கு முன் கடைசிப் புத்தகத்தைத் தொடங்கு, உள்ளதை உள்ளபடி வாசி. கிழவியைச் சாக விடு, ராசா. நான் இருக்கிறேன்.

நீயும் மருமகளும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழவேண்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. சனிக்கிழமை போனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன்.

உன் அம்மா,
பாக்கியரத்தினம்.

பி.கு: மான்களை மட்டும் எடுத்துவிடாதே.