தோணி இழுத்த கார்

“கார் தோணியை இழுக்கும்!”

“இழுக்கும், பிறகு காரை ஆர் இழுக்கிற?”

விதுர்ஷாவின் அப்பா, பஸ் வரப்போகிறது; சண்டையின் மிச்சத்தை எழுதிவிட்டுப் போகிறேன்.

நேற்று தோணி ஏற்றிய டிரெயிலரை வாவிக்கரைவரை இழுத்ததிலேயே கியர்பொக்ஸ் எண்ணெய் கருகி மணக்கிறது. தானாக மாறுகிற ஓட்டோ கியருக்கு அந்தப் பாரம் ஆகாது. புதன்கிழமை மகளையும் பச்சைப்பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர இந்தக் கார்தான் இருக்கிறது.

கார்ச் சாவி கதவடியில் தொங்குகிறது. காரில் டிரெயிலரைக் கொளுவும் ஆணி என் கைப்பையில். தேடவேண்டாம்.

என் தம்பி நாகரெத்தினம் உழவு மெசினோடு வருவான். இனித் தோணியை அது இழுக்கட்டும்; அதற்கு வேறு ஆணி அவனிடம் இருக்கிறது. அவனிடம் கேட்க ரோசப்பட்டுத்தானே காரை வதைத்தீர்கள்? மீன்கறி இரண்டு பேருக்கும் இருக்கிறது.

பி.கு.: “வா மச்சான், சாப்பிடு” எண்டு சொல்ல உங்கட வாய்க்கும் கியர் விழாதா?