அந்த வளைவைத் திரும்பத் திரும்பப் பார்த்தவருக்கு

இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாளில் இருந்து உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீங்கள் எங்களை விட்டுப் போய் இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. இனிமேலா பழகப் போகிறேன்?

முதலில் வீட்டுச் செய்தி. நம் மகள் டிலானிக்கு ரயில் ஓட்டுநர் அவுஸ்பில்டுங், அந்தத் தொழிற்பயிற்சி இடம், கிடைத்துவிட்டது. கடிதத்தோடு குசினிக்குள் ஓடி வந்து, "அம்மா, அப்பா ஓடின அதே லைனிலைதான் பழக்குவினமாம்!" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்குக் கைகால் விறைத்துவிட்டது. அவள் அதைச் சந்தோசம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். இன்று சனி.

நீங்கள் மறைத்த விஷயம் எனக்குத் தெரியும். சித்திரை மாதத்தில் இருந்து தெரியும். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

உலகக் கிண்ண உதைபந்தாட்டம் இங்கே நடந்த கோடை நினைவிருக்கிறதா? ஸ்டுட்கார்ட் முழுக்கக் கொடியும் கூச்சலும். ஒருநாள் மூன்று மணித்தியாலம் பிந்தி வந்தீர்கள். உங்கள் வேலைச் சட்டை இல்லை. யாருடையதோ ஒரு பெரிய சட்டை போட்டிருந்தீர்கள்.

"என்னப்பா நடந்தது?"

"மான் ஒண்டு குறுக்கை பாய்ஞ்சிட்டுது. வேறையொண்டும் இல்லை."

"பாவம்" என்றேன். மானைச் சொன்னேன். நீங்கள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

அதன் பிறகு ஏழு கிழமை நாரிப்பிடிப்பு, இடுப்பை அசைக்க ஏலாது என்று வீட்டில் நின்றீர்கள். நாரியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நடந்ததை நான் ஒருநாளும் காணவில்லை. சோபாவில் இருக்கும்போது உங்கள் கை மட்டும் இல்லாத ஒரு பிடியைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும். கேட்டால் "பழக்கம்" என்பீர்கள். பிறகு வேலைக்குத் திரும்பினீர்கள், அதே பாதைக்கு.

ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களும் அப்போதுதான் தொடங்கின. மாதம் இரண்டு தரம், பூசைக்குப் போய் வந்து சாப்பிட்டதும் காலில் சப்பாத்தைப் போடுவீர்கள். "பழைய ரயில் படம் போடுகினம். கிழடுகளோடை இருந்து பாக்கிறது" என்பீர்கள். கிழமை முழுக்க ரயில் ஓட்டுகிற மனுசன் ஓய்வு நாளிலும் ரயில் பார்க்கப் போவானா? நான் வேறு மாதிரி நினைத்தேன். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்: "ஆரப்பா அவள்?"

நீங்கள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "நீரும் வாருமன்" என்றீர்கள். நான் வீம்புக்கு வரவில்லை. வந்திருந்தால்?

மாசியில் உங்கள் நெஞ்சு நின்றது. சித்திரையில் நிலவறையை ஒதுக்கும்போது வட்டமான தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே ஒரு படச்சுருள். மூடியில், நீங்கள் ஞாயிறுகளில் போன அந்த ரயில் படக் கழகத்தின் முகவரி. திருப்பிக் கொடுக்கலாம் என்று பஸ் எடுத்துப் போனேன்.

பழைய சரக்குக் கொட்டில். வயதான ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர், கோப்பியும் கேக்குமாக. தலைவர் கிறேமர் சுருளை இரண்டு கையாலும் வாங்கினார். "நீங்கள் அருளின் மனைவியா? இருந்து பாருங்கள்" என்று முன்வரிசையில் கதிரை போட்டார். அங்கே எந்தப் பெண்ணும் இல்லை. நான் எவ்வளவு சிறுமையாக நினைத்துவிட்டேன்.

அந்தச் சுருளில் இருந்தது நாற்பது வருசத்துக்கு முந்திய படம். எஞ்சினின் முன்கண்ணாடியில் கமராவை வைத்து எடுத்தது. தண்டவாளம் ஓடி வந்து எங்கள் காலடிக்குள் புகுந்துகொண்டே இருந்தது. அவர்களுக்கோ திருவிழா. "கைகாட்டியைப் பார், பழைய இரும்புக் கைகாட்டி!" என்று ஒருவர் எழும்பிவிட்டார். தண்ணீர்த் தாங்கியை எந்த வருசம் இடித்தார்கள் என்று இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். சுரங்கத்தில் இருந்து வெளிச்சத்துக்கு வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு இரண்டு பக்கமும் காடு. பாதை இடப்பக்கம் வளையத் தொடங்கியது. சட்டென்று பேச்சு நின்றது. இயந்திரத்தின் கடகடப்பு மட்டும் கேட்டது. அவர்கள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள்.

வளைவு திறந்தது. ஒரு ரயில் கடவை. அங்கே சைக்கிளைப் பிடித்தபடி ஒரு மனிதர். ஏன் என்று தெரியாமலே நான் கதிரைக் கையை இறுக்கிப் பிடித்தேன். அவர் தடுப்புக்கு அந்தப் பக்கம், தண்டவாளத்துக்கு வெளியே நின்றார். தொப்பியைக் கழற்றி ஆட்டினார். ரயில் கடந்து போனது. யாரும் கை தட்டவில்லை.

கிறேமர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தார். "அருள் உங்களுக்குச் சொல்லவில்லையா?" என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார். அந்தக் கோடையில், அதே வளைவுக்கு அப்பால், ஒருவர் சைக்கிளோடு தண்டவாளத்தின் நடுவில் நின்றிருக்கிறார். நீங்கள் முழுப் பலத்தோடும் பிரேக் பிடித்திருக்கிறீர்கள். அந்தத் தூரத்தில் ரயில் நிற்காது. அவர் ஏன் அங்கே நின்றார் என்று இன்றுவரை எவருக்கும் தெரியாதாம்.

"முதல் நாள் இந்தச் சைக்கிள்காரரைக் கண்டதும் அருள் வெளியே ஓடிவிட்டார்" என்றார் கிறேமர். "அடுத்த முறை அவரே வந்து அந்தப் படத்தைப் போடச் சொன்னார். பிறகு ஒவ்வொரு முறையும் கேட்பார். அந்த இடம் வரும்போது, 'காத்து நிற்கிறார்' என்று மட்டும் சொல்லுவார். கடைசியாக வந்த அன்று, மனைவிக்குக் காட்ட வேண்டும் என்று சுருளை வாங்கிக்கொண்டு போனார்."

எங்கள் வீட்டில் அதைப் போடுகிற இயந்திரமே இல்லையே. என்னத்தைக் காட்ட இருந்தீர்கள்? பெட்டியை என் கையில் தந்துவிட்டுச் சொல்ல நினைத்தீர்களா? எந்த நாள் என் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று விட்டீர்கள்?

இப்போது வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போதெல்லாம் அது முழுதாகக் கடந்து போகும்வரை என்னால் மூச்சு விட ஏலாது. டிலானி அறைக்குள் இருந்து சைகை விளக்குகளின் பெயர்களைப் பாடமாக்குகிறாள். நேற்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "ஏனம்மா பயப்பிடுறீங்கள்? அப்பாக்குப் பதினைஞ்சு வருசத்திலை ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

"ஓம்" என்றேன். அந்தப் பொய் எவ்வளவு இலகுவாக வந்தது தெரியுமா? உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது.

நாளைக்குப் பூசை முடிய அவளைக் கொட்டிலுக்குக் கூட்டிப் போகிறேன். கிறேமருக்குச் சொல்லிவிட்டேன். படம் தொடங்க முன்னம், வேறொருவர் வாயால் இல்லாமல், என் வாயாலேயே எல்லாம் சொல்லுவேன். கையெழுத்து வைப்பதா இல்லையா என்பதை அவள் தீர்மானிக்கட்டும். வைத்தால் தடுக்க மாட்டேன். ஆனால் என்றாவது அவள் பிந்தி வீட்டுக்கு வந்து "ஒண்டும் இல்லை" என்று சொன்னால், அவள் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு அதிலேயே இருப்பேன். அவள் சொல்லி முடிக்கும்வரை எழும்ப மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

கேட்கத் தெரியாமல் உங்களோடு வாழ்ந்த உங்கள் மனுசி,
டிலானியின் அம்மா ஜெயராணி