பூதத்துக்குக் கதிரை போட்ட கதை

ஃபுட்ஸ்கிரே, மெல்பேர்ண்
14.10.1976, வியாழக்கிழமை

என் அன்பு அத்தானுக்கு,

நானும் கிரிஜாவும் நல்ல சுகம். குயின்ஸ்லாந்துச் சுரங்கத்து வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று நல்லூர்க் கந்தனிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். உங்கட கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் அது முழுக்கச் சண்டையாகத்தான் இருந்திருக்கும். மூன்று நாள் ஆறவிட்டு எழுதுகிறேன். இன்னும் முழுசாக ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னையும் பிள்ளையையும் மார்கழியில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப முடிவெடுத்து, விமான டிக்கெட்டுக்கும் சொல்லி வைத்துவிட்டீர்கள். பெண்சாதி பிள்ளையைப் பார்க்க வக்கில்லாதவன் அவர்களை இங்கே வைத்திருக்கக் கூடாது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். யாரைக் கேட்டு முடிவெடுத்தீர்கள் அத்தான்? தொழிற்சாலை மூடினது உங்கட குற்றமா? படம் வரைகிற பகுதியில் இருந்த அத்தனை பேரையும் ஒரே நாளில்தானே வீட்டுக்கு அனுப்பினார்கள்? உங்களுக்குப் பக்கத்து மேசை வெள்ளைக்காரனுக்கும்தான் வேலை போனது. அவன் பெண்சாதியைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை.

இனி நான் ஒளித்து வைத்திருந்த விஷயத்தைச் சொல்கிறேன். இருந்து ஆறுதலாக வாசியுங்கோ.

ரிச்மண்டில் ஒரு சின்ன அச்சகத்தில் தட்டெழுத்து வேலை கிடைத்தது என்று ஆடி மாதம் எழுதினேன். அங்கே என்ன அச்சடிக்கிறார்கள் என்று எழுதவில்லை. பூதக் கதைகள். ஓம், பூதம்தான்! அட்டையில் பச்சை உடம்பும் சிவப்புக் கண்ணுமாக மாதம் ஒன்று வருகிறது. ரயில் நிலையக் கடைகளில் காலையில் அடுக்கினால் பின்னேரம் ஒன்றும் மிஞ்சாது. சனத்துக்கு வேலை போகப் போகத்தான் பூதம் விற்கும் என்று முதலாளி ஹார்ட்லிக் கிழவர் சொல்வார். எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒருநாள் ரயிலில் எனக்கு முன்னால் ஒரு மனிசன் எங்கட புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தான். சப்பாத்து பிய்ந்துபோயிருந்தது. கடைசியில் பூதம் செத்ததும் அப்பாடா என்று மூச்சு விட்டான். வேலையை விட்டு நிற்பாட்டுகிற கடிதத்தைக் கோடாலியால் வெட்ட முடியாது, பூதத்தை வெட்டலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

ஆவணியில் கதை எழுதுகிறவர் குடித்துவிட்டு எங்கேயோ விழுந்து கிடந்தார். கடைசி இரண்டு அத்தியாயம் வரவில்லை. ஹார்ட்லி தலையில் கைவைத்துக்கொண்டு இருக்கிறார். நான் யாரையும் கேட்கவில்லை. மெஷினுக்கு முன்னால் இருந்து நானே அடிக்கத் தொடங்கிவிட்டேன்.

சேற்றுப் பூதம் பண்ணைவீட்டு வாசலில் வந்து நிற்கிறது. உள்ளே கதையில் வருகிற பெண் தனிய. அந்த இடத்தில்தான் எனக்குப் பிசகிப்போனது. வாசலுக்கு வந்ததை எப்படி நிற்கவைத்துக் கதைக்கிறது? என் கை தன்பாட்டுக்கு அடித்துவிட்டது. அவள் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்துக் காலைக் கழுவச் சொல்கிறாள். கதிரையை இழுத்துப் போட்டு, சாப்பிட்டாச்சோ என்று கேட்டு, தேத்தண்ணி வைக்கிறாள். பூதம் வெட்கப்பட்டுக் காலைக் கழுவிப்போட்டு வந்து இருக்கிறது. குடித்து முடிந்த பிறகு, இனி முற்றத்துக்கு வா பார்ப்போம் என்று கோடாலியை எடுக்கிறாள். குடித்துக்கொண்டிருக்கிறதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை, என்ன செய்ய!

ஹார்ட்லி வாசித்துவிட்டு, எந்த ஊரிலே அம்மா பூதத்துக்குத் தேத்தண்ணி கொடுக்கிறார்கள் என்று கேட்டு, சிரித்துச் சிரித்து இருமல் வந்து தண்ணீர் குடித்தார். மாற்ற நேரமில்லாமல் அப்படியே அச்சுக்குப் போனது. பிறகு பாருங்கோ, தபாற்காரர் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுகிறார். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி, அந்தப் பெண் அடுத்த புத்தகத்திலும் வருவாளா என்று. இப்போது மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அட்டையில் என் பெயர்தான், சத்தியபாமா விக்னராஜா. உங்கட பெயரையும் சேர்த்துத்தான் பூதத்துக்குக் கீழே போடுகிறார்கள், கோபிக்க வேண்டாம்.

வாராவாரம் கட்டுகிற வீட்டு வாடகை ஒரு கிழமையும் தவறவில்லை. குசினிக் குழாய் ஒழுகினது, நானே வாஷர் வாங்கி மாற்றினேன். முதல் தடவை தண்ணீர் முகட்டில் அடித்தது, இரண்டாம் தடவை நின்றது. கிரிஜா தன் அம்மா பூதம் எழுதுகிறா என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். நான் தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் தருகிறாள், அதை மட்டும் நீங்கள் வந்துதான் திருத்த வேண்டும்.

நேற்று நகரத்துக்குப் போய் அந்த இரண்டு டிக்கெட்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்கட கணவருக்குத் தெரியுமா என்று டிக்கெட் கந்தோரில் இருந்த பெண் கேட்டாள். அடுத்த கிழமை தெரியும் என்று சொன்னேன்.

இனிச் சொல்வதற்குக் கோபிக்காதேங்கோ. போன சனிக்கிழமை உங்கட சுரங்கத்துப் பாஸ்கர் லீவில் வந்து எங்களையும் பார்த்துவிட்டுப் போனார். கை நீட்டித் தேத்தண்ணி வாங்கினபோது கையில் அப்பா உங்களுக்குக் கலியாணத்துக்குப் போட்ட மணிக்கூடு. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். பாவம், கப்பை வைத்துவிட்டு, நீங்கள் அதைத் தனக்கு விற்றதைச் சொல்லி அழுதுவிட்டார். சுரங்கத்திலும் உங்களை நிற்பாட்டி ஆறு கிழமை ஆகிறதாமே. அந்த ஆறு கிழமையும் நீங்கள் எனக்கு அனுப்பின காசு எங்கேயிருந்து வந்தது என்று இப்போது தெரியும். மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் போனார், நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

அத்தான், எனக்கு உங்கள் மேல் வருத்தம் இல்லை. பசியோடு இருந்துகொண்டு, நல்லாகச் சாப்பிடுகிறேன் என்று எழுதினீர்களே, அது ஒன்றுதான் தாங்க முடியவில்லை.

இதோடு ரயில் டிக்கெட் ஒன்று வைத்திருக்கிறேன். வேலை ஒன்று கிடைத்த பிறகு வாறன் என்று எழுதாதேங்கோ. வேலையில்லாமலே வாருங்கோ.

முருகன் துணை.

உங்கள்
சத்தியா