அது அம்மை அல்ல

பிரிக்பீல்ட்ஸ்,
14 ஆகஸ்டு 1934

மரியாதைக்குரிய அண்ணன் தம்புசாமி அவர்களுக்குச் சின்னையா வணக்கத்துடன் எழுதுவது.

நாம் பேச்சை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. இப்போதும் சமாதானத்துக்காக எழுதவில்லை. தாயில்லாப் பிள்ளை என்று அண்ணி கேட்டதால்தான் என் மகள் சீதாலெட்சுமியை விடுமுறைக்குக் கிள்ளானுக்கு அனுப்பினேன்.

அங்கே பக்கத்து வீட்டில் தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியா நோய் என்றும், நாளைக் காலை ஆஸ்பத்திரி ஆட்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி போட வருகிறார்கள் என்றும் அண்ணி எழுதியிருக்கிறார். அதனால்தான் இதை இன்றிரவு வண்டியில் கார்டாக வரும் கன்னையாவிடம் கொடுத்தனுப்புகிறேன். படிக்காமல் மடித்து வைத்துவிடாதீர்கள்.

சென்ற வருடம் துருப்பிடித்த தகரம் சீதாவின் காலைக் கிழித்தபோது, இசிவு வராமலிருக்க ஆஸ்பத்திரியில் ஊசி போடவைத்தேன். ஒரு வாரம் கழித்து உடம்பெங்கும் தடிப்பு, காய்ச்சல், மூட்டு வீக்கம். நீங்கள் என் வீட்டு வாசலில் வேப்பிலை செருகினீர்கள். நான் டாக்டரை அழைத்துவந்தேன். “ஆத்தா எறங்கியிருக்கா, நீங்க சப்பாத்துக் காலோட டாக்டரக் கூட்டியாறீங்களே தம்பி! படிச்ச படிப்பு கண்ண மறைக்குதா?” என்று அண்ணி தெருவே கேட்கக் கத்தினார். நீங்கள் என்னைச் சாமிக் குற்றம் செய்தவன் என்றீர்கள். தடிப்பு தணிந்ததும் ஊருக்கெல்லாம் கூழ் ஊற்றினீர்கள்.

அன்று டாக்டர் சொன்னதை இன்றாவது கேளுங்கள். அந்த மருந்து குதிரை இரத்தத்திலிருந்து எடுப்பது. சீதாவின் உடம்பு அதைப் பகை என்று குறித்துக்கொண்டது. உடம்பும் என்னைப் போலத்தான், மறக்காது. மறுபடி அது உள்ளே போனால் எதிர்க்கிற வேகத்தில் மூச்சடைத்து, நாடி விழுந்து, பிள்ளை நின்ற இடத்திலேயே போய்விடலாம்.

முன்பு இந்த மருந்து போட்டதுண்டா என்று நாளை கேட்பார்கள். இல்லை, போன வருஷம் அம்மைதான் வந்தது என்பீர்கள். பொய் என்று தெரிந்து சொல்லமாட்டீர்கள். அதுதான் எனக்குப் பயம். நோய் வேறானாலும் இரண்டும் குதிரை மருந்துதான்.

ஊசிக்கு நான் எதிரி அல்ல. பழைய கதை தெரிந்த டாக்டர் துளி மருந்தால் சோதித்துப் பார்த்து முடிவு செய்யட்டும். அதுவரை எவரும் என் மகள் கையைத் தொடக்கூடாது. இன்றிரவு எனக்கு ஸ்டேஷனில் வேலை. விடிந்ததும் முதல் வண்டியில் வந்து உங்கள் வீட்டு நடுவில் நிற்பேன். முடிந்தால் வெளியே தள்ளுங்கள்.

அவர்கள் எனக்கு முன்னால் வந்துவிட்டால், அண்ணே, அது அம்மை இல்லை என்று சொல்லிவிடுங்கள். வாய் வராவிட்டால், என் தம்பி ஒரு கிறுக்கன், அவன் வரும்வரை பொறுங்கள் என்றாவது சொல்லுங்கள். கிறுக்கனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அவள் இருக்கட்டும்.

கோபம் இன்னும் தீராத உங்கள் தம்பி,
சின்னையா