வேலிக்கு அப்புறத்து ஈ

பிப்ரவரி 18
பாவல் பந்தலில் காய்க்கிற பாகற்காயெல்லாம் வளைந்து மஞ்சளாகிப் போகிறது. அரிந்தால் உள்ளே வெள்ளைப் புழு. காய் ஈ குத்தி முட்டை விட்டிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தி என் வீட்டுக்காரர் ஊன்றிய வித்து. கொடி பந்தலில் ஏறும்போது ஆள் இல்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தின்கிறேன், படுக்கிறேன். வித்துக்கு ஒரு காயாவது கெடாமல் பழுக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த இனம் அவரோடு போச்சு.

பிப்ரவரி 19
மகன் சிஜு வந்தான். பெருங்கடவிளையில் மருந்து கிடைக்குமாம். "ஒரு அடி அடிச்சா ஈ எல்லாம் சாவும் அம்மா."
"எலே, உங்கப்பன் அடிக்காத விஷத்த அவரு பந்தல்ல நீ அடிப்பியோ?"
தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனான். அப்பன் மாதிரி.

பிப்ரவரி 21
பாளையங்கோட்டன் வாழைப்பழத்தைப் பிசைந்து, கருப்பட்டித் தண்ணீர் விட்டு, தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றிப் பந்தலில் தொங்கவிட்டேன். அவர் செய்கிற மாதிரி. சிஜுவின் மகள் ஜோஸ்னா பார்த்துவிட்டு, "அம்மச்சி ஈக்கு டீ பார்ட்டி வைக்குதா?" என்றாள். நான் சிரித்திருக்க வேண்டும்; சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 25
சிரட்டையில் ஈ செத்து மிதக்கிறது. ஆனாலும் காய் கெடுகிறது. ஏன்?
வேலிக்கு அப்புறம் எட்டிப் பார்த்தேன். அவருடைய தங்கை சத்தியபாயின் பந்தல். குத்துப்பட்ட காயெல்லாம் உதிர்ந்து அழுகிக் கிடக்கிறது. அந்தப் புழு மண்ணுக்குள் போகும், ஈயாகும், இங்கே வரும். பொறுக்கிக் களையச் சொல்ல வேண்டும்.
சொல்ல மாட்டேன். அடக்கத்தன்று பெட்டி மூடும் முன்னே, பாஸ்டர் நிற்கும்போதே சொன்னாளே— "நேரத்தோட ஆசுபத்திரி கொண்டு போயிருந்தா எங்க அண்ணன் இப்பிடிக் கெடப்பானா?" அவள் உடுத்திருந்த சாம்பல் கரைச் சேலை. கையில் கண் துடைக்க மடித்த கைலேஞ்சி. எல்லாம் இப்போதும் கண்ணில் தெரியும். சாகிறவரைக்கும் தெரியும்.

பிப்ரவரி 27
சொல்லவில்லை.

மார்ச் 2
பூ வாடியதும் பிஞ்சுகளுக்குக் காகித உறை கட்டினேன். ஒன்றுதான் தேறும்போல. மற்றதெல்லாம் நான் கட்டுமுன்னே குத்துப்பட்டிருக்கிறது.

மார்ச் 5
வாளியோடு வேலி தாண்டிப் போனேன். அழுகியதைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது சத்தியபாய் வெளியே வந்தாள்.
"ஆரு அது?"
"நான்தான். ஒனக்க ஈ எனக்க பந்தலுக்கு வருது."
"எனக்க ஈயா? பேரு எழுதி ஒட்டியிருக்கோ மைனி?"
"பறிச்சுத் தின்னாம அழுகப் போட்டிருக்க. ஒனக்குக் கையில்லியா?"
வெடுக்கென்று ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள்.
"அண்ணன் தந்த வித்தாக்கும். வருஷா வருஷம் அண்ணன்தான் வித்து தரும். மொத காயையும் வந்து பறிச்சுத் தரும். இந்த வருஷம் எனக்கு கை வைக்க முடியல்ல."
இன்னொரு காயைப் பொறுக்கி வாளியில் போட்டேன். அழுகை வரவில்லை. அவள் உள்ளே போய் இன்னொரு வாளி கொண்டு வந்தாள். இரண்டு பேரும் பொறுக்கினோம். புழு சாகட்டும் என்று தண்ணீரில் அமுக்கிக் கல் ஏற்றி வைத்தோம்.

மார்ச் 13
ஈ குறைவு. காலையில் அவள் அந்தப் பக்கம் பொறுக்குகிறாள், நான் இந்தப் பக்கம்.

மார்ச் 30
உறைக்குள் இருந்த காய் நல்ல மஞ்சளாகப் பழுத்து அடியில் வெடித்தது. உள்ளே சிவப்பு. புழு இல்லை. வித்தைக் கழுவிச் சாம்பலில் புரட்டி நிழலில் பரப்பினேன்.

ஏப்ரல் 3
வித்து உலர்ந்தது. இந்த வீட்டிலிருந்து அவளுக்கு வித்து போவது வழக்கம். தர வேண்டிய ஆள் நான்தான் இப்போது. பாதியைத் துணியில் முடிந்துகொண்டு போனேன்.
"நீ அடக்கத்தண்ணைக்குச் சொன்னது எனக்கு மறக்கல்ல, கேட்டியா."
"மறக்காண்டாம் மைனி," என்று முந்தானையை ஏந்தினாள். "வித்தைத் தா."