இருமக் கூடாது

மே 6, செவ்வாய்

விடியவே ஆப்பிரிக்கக் காற்று. ஓட்டப்பாதை முழுக்கச் செந்தூசி. பந்தயச் சக்கர நாற்காலியில் நூறு மீட்டர் எட்டுத் தரம். கையுறை ரப்பர் தேய்ந்துவிட்டது, ஒட்ட வேண்டும்.

தூசியில் இருமல் வந்தது. தொப்புளுக்குக் கீழே ஏதோ இழுத்தது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்த நாளிலிருந்து, ஒன்பது வருடமாக, அங்கே எந்த உணர்வும் இருந்ததில்லை. யாரோ உள்ளே இருந்து தொட்ட மாதிரி. நாற்காலியை அப்படியே நிறுத்திவிட்டேன்.

"என்ன, சக்கரத்தில் காற்று போய்விட்டதா?" பயிற்சியாளர் நீனோ.

ஆமென்று சொல்லிவைத்தேன்.

மே 7, புதன்

மூன்று தரம் இருமிப் பார்த்தேன். அது இருக்கிறது.

சந்தோஷப்பட வேண்டியவள். ஆனால் பந்தயத்தில் வயிற்றுத் தசை செத்தவர்களுக்கு ஒரு பிரிவு, வேலை செய்பவர்களுக்கு வேறு பிரிவு. என் பிரிவில் இத்தாலியில் நான்தான் முதலாவது. மற்றதில் என் வேகத்துக்கு இறுதிப்போட்டிகூடக் கிடைக்காது. பலெர்மோவிலேயே பிறந்தவள், தேசிய அணியின் நீலச் சட்டை போட்ட பிறகுதான் இத்தாலியக்காரி என்றார்கள். அதைக் கழற்ற முடியாது.

13ஆம் திகதி, எந்தப் பிரிவு என்று பார்க்கும் மறுபரிசோதனை. கட்டாயம் இருமச் சொல்வார்கள். மறைத்துப் பிடிபட்டால் தடை.

கூடாதவை: இருமல், தும்மல், சிநேகிதி ரேகாவோடு போனில் சிரிப்பது.
வாங்க வேண்டியவை: பசை, வெங்காயம்.

மே 9, வெள்ளி

அம்மா பொலிதேயாமா பக்கத்தில் முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டு வேலை முடித்து வந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தார். இரண்டும் வீங்கியிருக்கின்றன. ஞாயிறுதோறும் புனித ரோசாலியாவின் மலைக்கோவிலுக்கு வெறுங்காலோடு ஏறுகிறார். நேர்த்திக்கடன்: என் உடம்பில் செத்த இடத்தில் ஏதாவது ஒன்று அசையும்வரை.

"இந்தக் கிழமை விடுங்கோ அம்மா."

"சும்மா இரு. கேட்டது நான். இடையிலை விடேலுமே?"

ஒரு வார்த்தை சொன்னால் நாளையே நிறுத்திவிடுவார். ஊர் முழுக்கவும் சொல்லிவிடுவார். சொல்லவில்லை. என்னை எனக்கே பிடிக்கவில்லை.

மே 11, ஞாயிறு

அம்மாவின் குதிக்காலில் இரத்தம். மலையிலிருந்து கொண்டுவந்த நூலை வழக்கம்போல என் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானத் தூக்கத்தில் தும்மினேன். எனக்கு முன்னால் வயிற்றில் அது விழித்துக்கொண்டது.

மே 13, செவ்வாய்

நீனோவுக்குக் காய்ச்சல். துணைக்கு அம்மா.

டாக்டர் சட்டையைத் தூக்கி வயிற்றில் இரண்டு விரல் வைத்தார். "இருமுங்கள்." தொண்டையால் மட்டும் இருமினேன். ஒரு கிழமைப் பழக்கம். "இன்னொரு தரம்." இருமினேன்.

பழைய பிரிவுதான்.

அவர் எழுதக் குனிந்தபோது உண்மையான இருமல் ஒன்று வந்துவிட்டது. இடுப்பு நூல் ஏறி இறங்கியது. டாக்டர் பார்க்கவில்லை. அம்மா நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.



மே 14, புதன்

காலையில் அம்மா வாசலில் செருப்பைக் கழற்றினார். சிஞ்ஞோராவிடம் லீவு சொல்லியாயிற்றாம்.

"இண்டைக்கு ஞாயிறில்லையே அம்மா."

"தெரியும்."

"பிறகேன் போறியள்?"

"கேட்டதை மலையிலை இருக்கிறவ தந்திட்டா. உனக்கு வேண்டாமெண்டா, திருப்பி எடுக்கச் சொல்லி நான்தானே போய்க் கேக்கவேணும்."

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே விட்டேன். தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

பதினொரு மணி. இந்நேரம் மேலே போய்ச் சேர்ந்திருப்பார். கையை வயிற்றில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். இருமிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.